ஆடாமல் நின்ற குச்சிகள்

போன கிழமை மூதூர் பஸ்ஸில், எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திவிட்டேன். "ஐயோ, நிண்டிட்டுது!"

என் மகள் மதுவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "என்னம்மா, பஸ் ஓடிக்கொண்டுதானே இருக்குது?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. மடியில் வைத்த பெட்டியின்மேல் அவள் சின்ன மரக்கட்டைகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தாள். துணிப்பைக்குள் அடங்குகிற விளையாட்டு. இப்போது கடைகளில் விற்கிறார்கள். அந்தக் கோபுரம் துளியும் ஆடவில்லை. அதுதான் என்னைக் கலக்கிவிட்டது.

ஏனென்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

பாலங்கள் வருமுன் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு, லோஞ்சு என்கிற எஞ்சின் படகில் கடலால்தான் போவோம். நானும் ஜெயந்தியும் அங்கே ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். லோஞ்சுக்குள் டீசல் மணமும் ஜெயந்தியின் பவுடர் மணமும் கலந்து வரும். இன்றைக்கும் டீசல் மணம் வந்தால் எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வரும். எங்கள் விளையாட்டுக்கு ஒரு சோடாப் போத்தலும் நெருப்புப்பெட்டியும் போதும். போத்தல் வாயில் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்க வேண்டும். விழுத்துகிறவள் மற்றவளின் பையையும் பள்ளிக்கூடம் வரை சுமக்க வேண்டும். பெரும்பாலும் சுமக்கிற கழுதை நான்தான்.

எஞ்சின் அதிர்வில் லோஞ்சு நடுங்கும். அடுக்கு உயர்ந்தால் பயணிகள் எல்லாரும், "நானா, மெல்ல!" என்று குரல் கொடுப்பார்கள். கீழே எஞ்சினைப் பார்க்கிற காதர் நானா வேகத்தைக் குறைத்துவிடுவார். அப்படியொரு வழக்கம்.

அன்றைக்குக் காற்றென்று பக்கத்துத் தார்ப்பாய்ப் படங்கை இறக்கிக் கட்டியிருந்தார்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. குச்சிகள் எந்நாளும் இல்லாத உயரத்துக்கு எழும்பின. நாங்கள் கேட்கவே இல்லை, எஞ்சின் சத்தம் தானாக அடங்கியது; குச்சிகள் துளியும் ஆடவில்லை. "நானா தங்கமான மனுசன்!" என்று கைதட்டினோம். கீழிருந்து அவர் கத்தினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நாங்களும் திருப்பிக் கத்தினோம். பிறகு கையெல்லாம் எண்ணெயாக, முகம் வெளுத்து மேலே வந்தார்.

"எஞ்சின் செத்துப் போச்சு டீச்சர்! எவ்வளவு நேரமாக் கத்துறன், ஒருத்தருக்கும் கேக்கல்லையா?"

படங்கைத் தூக்கினார். கரை ஒரு கோடாகத் தெரிந்தது. தென்மேற்குக் கச்சான் காற்று எங்களைப் பெருங்கடல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

ஜெயந்தி வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவள். "நான் போய்த்தானே பிள்ளைக்குப் பால் குடுக்கவேணும்" என்றாள். நெருப்புப்பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நாங்கள் கைதட்டிய நேரமெல்லாம் எனக்குள் ஊசியாய்க் குத்தியது.

ஆண்கள் சட்டைகளைக் கழற்றித் தலைக்குமேல் வீசிக் காட்டினார்கள். சல்லிக் கிராமத்து மீன்பிடி வள்ளமொன்று கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்தது. பின்னேரம் திருகோணமலைக் கரையில் இறங்கும்போது ஜெயந்தியின் சட்டை பாலில் நனைந்திருந்தது. பையால் நெஞ்சை மறைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பாராமல் வீட்டுக்கு ஓடினாள். அடுத்த தவணை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அந்த லோஞ்சு இல்லை, "நானா, மெல்ல!" என்று குரல் கொடுக்க ஆட்களும் இல்லை. தார் போட்டு வழுவழுத்த காபற் றோட்டில் பஸ் வழுக்கிக்கொண்டு போகிறது. மதுவின் கோபுரம் மூதூர் வரை அப்படியே நிற்கும் போலிருந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை. விரலால் தட்டிவிட்டேன்.

"அம்மா! உங்களுக்கு விசரே?"

கட்டைகள் சீட்டுகளுக்கடியில் உருண்டு போயின. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.