அம்சவள்ளி போட்ட விமானக் கணக்கு

லாரி முதலாளி இளவரசன் விமானம் வாங்கப் போகிறார் என்று அம்சவள்ளிக்குச் சொன்னவர், பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் காலை பஸ்ஸின் கண்டக்டர். அவருக்குக் குன்னத்தில் டயர் கடை வைத்திருப்பவர் சொன்னாராம். டயர் கடைக்காரருக்கு யார் சொன்னது என்று கேட்பதற்குள் அவள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. "ஒங்க மொதலாளிதானேக்கா, ஒங்களுக்கே தெரியாதா?" என்று கண்டக்டர் கேட்டதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

தைக்காமல் என்ன செய்யும். இளவரசனின் லாரி ஆபீசில் இருபத்து நாலு வருஷமாக அவளுக்குத் தெரியாமல் ஒரு எலுமிச்சம்பழம்கூட வாங்கியதில்லை. சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கும் டிப்பர்கள் இன்றைக்குப் பதினான்கு. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு. வாலிகண்டபுரத்தில் அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டியவரின் மகள், தபாலில் பி.காம். படித்துவிட்டு வந்து உட்கார்ந்த நாற்காலி அது. டீசல் பத்து லிட்டர் குறைந்தால் அவள் திட்ட மாட்டாள். பேனா முனையால் சீட்டை இரண்டு தட்டுத் தட்டுவாள். மீசை வைத்த டிரைவர்கள் அந்தச் சத்தத்துக்கே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். சீட்டு இல்லாமல் காசு இல்லை. ஆயுத பூஜைக்கு வாங்கிய பூசணிக்காய்க்கு முதலாளியிடமே சீட்டு கேட்டவள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்துக்குச் சீட்டு வாங்காமல் விட்டிருந்தாள். நாலு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜையில், அவள் கணவன் வேல்முருகன் ஓட்டும் 44 17 என்ற பழைய டிப்பருக்கு மாலை போட்ட கையோடு இளவரசன், "அம்சவள்ளி, ஒனக்கு இருவத்தஞ்சு வருசம் முடியற அன்னிக்கு இந்த வண்டி ஒன் பேருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். வரும் தை மாதத்தோடு இருபத்தைந்து முடிகிறது. இன்னும் எட்டே மாதம். வேல்முருகன் இப்போதே அந்த வண்டியை மேடு பள்ளம் பார்த்து, தலைப்பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப்போவது மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஆபீசில் நுழைந்ததும் இளவரசனே கூப்பிட்டார். வதந்தி பொய்யில்லை. கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு அவருடைய சம்பந்தி வாடகை விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறார். சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரும் சம்பந்தியிடமே பேசிக்கொண்டிருந்தார்களாம். இளவரசன் இலையில் பாயசம் ஊற்றக்கூட ஆள் வரவில்லையாம். அதற்காகத்தான் விமானம். எட்டுப் பேர் உட்காரும் பழைய ஜெட், நாலு பேர் கூட்டு, அவர் பங்கு மூன்று கோடி. பதினொரு லாரியை விற்று, குன்னத்து நிலத்தை வங்கியில் வைத்தால் தேறிவிடும் என்றார். எந்தப் பதினொன்று என்று அவள் கேட்டாள். பழையதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான் என்றார். 44 17தான் இருப்பதிலேயே பழையது.

"லாரிக்குப் போடுற மாதிரியே போடும்மா. ஒரு நடைக்கு என்ன விழும்னு பாத்துச் சொல்லு."

நடை என்றால் ஒரு தடவை போய்வருவது. அந்த ஊரில் எதையும் நடையில்தான் அளப்பார்கள். தண்ணீர் லாரியும் நடைதான், மாப்பிள்ளை அழைப்புக் காரும் நடைதான். அம்சவள்ளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சென்னையில் இருக்கும் விமானத் தரகர் தமிழ்மாறனைக் கூப்பிட்டாள்.

முதலில் எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று, எப்போது முடிகிறது என்று கேட்டாள். அடுத்து, டிரைவருக்குப் படி எவ்வளவு, கிளீனர் உண்டா, இராத்திரி வண்டியிலேயே படுத்துக்கொள்வார்களா. தமிழ்மாறன் பொறுமைசாலி. இரண்டு பைலட், ஒருவருக்கே மாதம் ஐந்து லட்சம், இராத்திரி அவர்கள் பெரிய ஓட்டலில்தான் படுப்பார்கள் என்றார். ஸ்டெப்னி இருக்கிறதா என்றதும்தான் அவர் குரல் லேசாக ஆடியது.

"மேடம், ஆகாசத்துல பஞ்சர் ஆவாது."

"எறங்கறப்ப ஆனா?" என்றாள். அவர் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

மூன்று நாள் உட்கார்ந்து போட்டாள். தன் வண்டி நடுவில் இருப்பதால் கை தவறி ஒரு சைபர் கூடிவிடுமோ என்று அவளுக்கே பயம்; ஒவ்வொரு தொகையையும் இரண்டு முறை சரிபார்த்தாள். ஏற்றிக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சக்கரம் உருளாமலே, நிறுத்தும் வாடகை, இன்சூரன்ஸ், சம்பளம் என்று மாதம் பதினெட்டு லட்சம். அதில் கால் பங்கு நம்முடையது. பறந்தால் மணிக்கு ஒன்றரை லட்சம். விமானம் நிற்பது சென்னையில். இவரை ஏற்றத் திருச்சிக்குக் காலியாக வரணும். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பணும். லாரித் தொழிலில் காலி நடை அடிப்பவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். மாதம் இரண்டு முறை சென்னை போகிற இளவரசனுக்கு ஒரு நடைக்கு ஏழு லட்சம் விழுந்தது. காரில் போனால் ஒன்பதாயிரம், வழியில் டிபன் சேர்த்து.

இந்தக் காகிதத்தைப் பார்த்தால் மனிதர் மிரண்டுவிடுவார் என்று நினைத்தாள். அங்கேதான் அவள் ஏமாந்தாள். இளவரசன் அதைப் படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆபீசுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் எடுத்துக் காட்டினார். நடைக்கு ஏழு லட்சமாம், டிரைவருக்கு அஞ்சு லட்சமாம் என்று குறைப்பட்டுக்கொள்வது போலப் பெருமையடித்தார். செலவு ஏற ஏறச் சம்பந்தி சின்னவராகிக்கொண்டே போனார்.

சரி, எண்ணால் ஆகாதது மனிதர்களால் ஆகும் என்று அம்சவள்ளி முடிவு செய்தாள். மத்தியானம் அரும்பாவூரில் இருக்கும் முதலாளியின் அக்கா கொளஞ்சியம்மாளுக்குப் போன் போட்டாள். சின்ன வெங்காயம் என்ன விலை போகிறது என்று விசாரித்தாள். மழை உண்டா என்றாள். வைக்கும் முன்னால், தம்பி பிளேன் வாங்குவது தெரியும்தானே என்று போகிற போக்கில் போட்டுவிட்டு, அடடா, தெரியாதா, நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள் என்றாள்.

அதன் பிறகு அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கார் வைத்திருப்பவரிடம் காதுகுத்துக்குக் கார் கேட்பது அந்தப் பக்கத்து உரிமை. பிளேனுக்கு மட்டும் விலக்கா என்ன. இளவரசனின் சின்ன மாமனார், தன் பேரனுக்குப் பழனியில் மொட்டை, இருபத்தாறு பேர் வருவார்கள் என்றார். எட்டுப் பேர்தான் உட்காரலாம் என்று இளவரசன் சொன்னதற்கு, நாலு நடை அடித்தால் போச்சு என்றார். வேப்பந்தட்டைப் பங்காளி, குலதெய்வத்துக்கு நேர்ந்த கிடாவை ஏற்றலாமா என்று கேட்டார்; கிடா சாதுவாம். தேர் அன்றைக்கு மேலிருந்து பூத் தூவ வேண்டும் என்று நன்கொடைப் புத்தகத்தோடு நாலு பேர் வந்தார்கள். ஒரே வாரத்தில் இளவரசன் போனை எடுக்கவே அஞ்சினார். வெள்ளிக்கிழமை தமிழ்மாறனைக் கூப்பிட்டு, ஜாதகம் சரியில்லை, பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று அம்சவள்ளி வீட்டுக்குப் போகிற வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினாள்.

சனிக்கிழமை காலை கொளஞ்சியம்மாள் நேரிலேயே வந்து இறங்கினாள். அவள் மகள் வெற்றிச்செல்விக்கு அடுத்த மாதம் கல்யாணம். "தாய்மாமன் சீரு பிளேன்ல வருதுன்னு மாப்ள வூட்ல சொல்லிட்டேன்டா தம்பி. பத்திரிகைலயும் போட்டாச்சு." பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். மஞ்சள் தடவிய பத்திரிகையில், தாய்மாமன் பெயருக்கு மேலே, ஒரு சின்ன விமானம் அச்சாகியிருந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்ன சீரை மாற்ற முடியாது. பங்கு வேண்டாம், ஒரே ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று இளவரசன் கேட்டார். தமிழ்மாறன் ஐந்தே முக்கால் லட்சம் என்றார். அதாவது தாய்மாமன் பெரம்பலூரிலிருந்து காரில் நாலு மணி நேரம் சென்னைக்குப் போய், தட்டு வரிசையோடு ஏறி, முக்கால் மணி நேரம் பறந்து திருச்சியில் இறங்கி, அங்கிருந்து தன் வீட்டைத் தாண்டி, கல்யாணம் நடக்கும் அரும்பாவூர் போய்ச் சேருவார். அம்சவள்ளி இதை விளக்கிச் சொன்னாள். அதனால் என்ன என்றார் இளவரசன். சிமென்ட் ஆலையிலிருந்து பணம் வர இரண்டு மாதம் ஆகும். கையில் ஆறு லட்சம் வேண்டும். ஜெயங்கொண்டத்தில் செங்கல் சூளை வைத்திருக்கும் சாமிதுரைக்கு ஒரு பழைய டிப்பர் தேவைப்படுகிறதாம். 44 17ஐ வந்து பார்த்துவிட்டு, ஆறு தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மணிக்கு முடிவு கேட்டுப் போன் பண்ணுவார்.

வெங்காய விலை விசாரித்த வாயை அம்சவள்ளி உள்ளுக்குள் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

ஒரு மணிக்கு இளவரசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய போன் அவள் மேஜையில் இருந்தது. மணி அடித்தது.

"எடும்மா. சரின்னு சொல்லிரு" என்றார் உள்ளிருந்து.

அவள் எடுக்கவில்லை. எழுந்து போய்க் கதவருகே நின்றாள்.

"நாப்பத்தி நாலு பதினேழு எனக்குன்னு சொன்னீங்க, மொதலாளி. நான் சீட்டு வாங்கல."

இளவரசனின் கை இலையிலேயே நின்றது. மறந்துபோயிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. இப்போது நினைவு வந்துவிட்டது என்பதும் தெரிந்தது. எழுந்து, கை கழுவாமலே மேஜைக்கு வந்தார். திரையில் சாமிதுரையின் பெயர் வந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகை கிடந்தது. அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சோறு ஒட்டிய கையைப் பார்த்தார்.

"அக்காவுக்கு யாரும்மா சொன்னது?" என்றார் மெதுவாக.

அம்சவள்ளி மேஜைக்கு வந்து பேனாவைக் கையில் எடுத்தாள்; தட்டவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.