மூடி கழற்றிய மார்க்கர்

எதிரே டாக்டர் யாராவது வந்துவிட்டால் கலைமகளின் கை தானாக மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றிவிடும். "புடிங்க சார், காஞ்சுபோயிடும்" என்று நீட்டுவாள். பதறிப்போய் வாங்குகிறவர் அடுத்த நிமிடம் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிற்பார். மூடி அவள் உள்ளங்கைக்குள் பத்திரமாக இருக்கும். கேட்டாலும் தரமாட்டாள்.

தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றில் அவள் மரபணு ஆலோசகர். நோய் பரம்பரையாக வருகிறதா என்று கண்டுபிடிக்கும் பரிசோதனையை டாக்டர்களே கையிலெடுத்து நடத்தும்படி செய்வது அவள் வேலை. முதலில் நோயாளியின் வம்சத்தை வரைய வேண்டும். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் மணமுடித்தால் இரட்டைக் கோடு. இந்தப் பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டே மார்க்கர் தீர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பாதிப் படத்தில் டாக்டரும் நோயாளியும் உறவாகிவிடுவார்கள். அப்புறம் எங்கே மருத்துவம்? காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்காத வழக்குதான் நடக்கும். குழந்தை மருத்துவர் ஜெயபாரதி ஒரு நோயாளிப் பையனுக்குச் சின்னம்மா முறையாகிப்போய், இட்லி வாங்கிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். பரிசோதனைக்கு எழுத மறந்துவிட்டார்.

"நீயே வரைஞ்சுட்டுப் போயேம்மா" என்பார் இதய மருத்துவர் துரைராசு.

"நான் வரைஞ்சா, நான் லீவு போடுற அன்னிக்கு எல்லாம் நின்னுபோயிடும் சார்."

இந்த மாதத்துக்குள் ஒரு டாக்டராவது தானாக முன்வராவிட்டால் அவளுடைய அறை பழையபடி உடைந்த சக்கர நாற்காலிகளுக்கே என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நாற்காலிகள் இப்போதே வாசலில் வந்து நின்றன. தினமும் அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் அவள் உள்ளே போவாள்.

டாக்டர்கள் கூடும் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நன்னிலத்து விவசாயி மதிவாணன் வந்திருந்தார். இதயத் தசை தடித்துப்போனவர். கலைமகள் நீட்டிய பேனாவை வாங்கி, துரைராசு சலித்துக்கொண்டே கட்டம் போட ஆரம்பித்தார்.

"அம்மாவுக்கு எந்த ஊரு?"

"மன்னார்குடிங்க. அரிசி மில்லு வீடு."

"அமிர்தம் அக்காவா? எங்க பெரியப்பா மவளாச்சே! அப்ப நான் உனக்கு மாமாடா!"

"அப்பறம் ஏன் என் கல்யாணத்துக்கு வரல மாமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. போச்சு, இன்றைக்கும் இட்லிதான் என்று கலைமகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

துரைராசு மட்டும் சிரிக்கவில்லை. "பெரியப்பா களத்துல நெல்லு தூத்திக்கிட்டு நின்னப்பவே விழுந்து போயிட்டாரு. சின்ன வயசு" என்றார். அவருக்கு ஒரு கட்டம் போட்டு, இறந்தவர் என்று அதன் குறுக்கே கோடு கிழித்தார். பக்கத்தில் தன் அப்பாவுக்கு ஒன்று, அதன் கீழே தனக்கு ஒன்று போட்டு, அதற்குள் கேள்விக்குறி வைத்தார்.

"முதல்ல மதிவாணனுக்கு அந்தப் பரிசோதன எடுப்போம். அதுல பரம்பரைன்னு தெரிஞ்சா எனக்கும் எடுங்க, எங்க வீட்டுப் பசங்களுக்கும் எடுங்க. இந்தக் குடும்பத்த இனிமே நான் பாத்துக்கறேன்."

கலைமகள் பேனாவுக்குக் கை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டி ஜெயபாரதியிடம் போனார். "இட்லி சாப்புட்டுப் போனானே, உங்க பேஷண்ட்டுப் பையன், அவனக் கூப்புடுங்க. புடிங்க டாக்டர், காஞ்சுபோயிடும்."

கலைமகள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அந்த மூடியைக் குப்பைக்கூடையில் போட்டாள்.