பனிக்கடலில் ஒரு பட்டறை

பூமியின் மேல் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டவர்கள், சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போட்டிருக்க வேண்டும். அவர் பேச்சைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பது தொழில். உலகத்துக்கே வழி சொல்வது பொழுதுபோக்கு.

வீட்டை ஒட்டியிருந்த அவருடைய பட்டறை மட்டும் சந்துக்குள் சந்தில், யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. வேலை வறண்டு போயிருந்த நேரத்தில் ஒரு கம்பெனி, இந்தப் பக்கத்துப் பழுது வேலை முழுவதையும் தருவதாகச் சொன்னது. ஆள் வந்து பட்டறையைப் பார்க்க வேண்டும். அதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும்.

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் சித்தப்பா. போனில் வரைபடத்தைத் திறந்து, பட்டறைக் கூரைமேல் விரலை அழுத்திப் பிடித்தார். சிவப்புக் குறி விழுந்தது. மேலே வந்த இரண்டு எண்களையும் தீர்ப்பு வாசிப்பதுபோல் வாசித்தார். தன் போனில் தட்டி அனுப்பியவள் அண்ணன் மகள். இதை எழுதுபவளும் அவளே. முன்னெண்ணைப் பின்னுக்கும் பின்னெண்ணை முன்னுக்கும் போட்டாள். சும்மா, விளையாட்டுக்கு.

கம்பெனிப் பெண் சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டாள். "சார், உங்க பட்டறை வடதுருவத்துப் பக்கம் பனிக்கடல்ல காட்டுது."

"ஃபிரிட்ஜ் வேலைக்கு அதவிட நல்ல இடம் ஏதும்மா?"

அவள் சிரிக்கவில்லை. "காலையில ஆள் கிளம்புறதுக்குள்ள சரியா அனுப்புங்க. இல்லன்னா வேற பட்டறைக்குப் போயிடுவாரு."

"ஊருக்கே வழி சொன்னவரு கடல்ல விழுந்தாச்சா?" என்றாள் சித்தி.

வழக்கமான பதிலடி வரவில்லை. "மாத்திப் படிச்சிட்டேன் போல. கண்ணு போச்சு" என்று முனகியவர், கிரீஸ் துணியால் கண்ணாடியைத் துடைத்து இன்னும் மங்கலாக்கிக்கொண்டார். மறுபடி அந்த வரைபடத்தைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

அவர் குளிக்கப் போன நேரம், அண்ணன் மகள் தன் போனோடு பட்டறையின் பின்பக்கம் நழுவினாள். நின்ற இடத்தின் எண்களை எடுத்து, வரிசை மாறாமல் அனுப்பினாள்.

காலையில் சித்தப்பா நம்பிக்கையில்லாமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்டது. முழங்காலெல்லாம் சுண்ணாம்போடு கம்பெனி ஆள் நின்றார்.

"மேப்பு பின்சுவர் ஓட்டையில கொண்டுவந்து விட்டுது சார்."

அவர் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். வேலையைச் சித்தப்பாவுக்கே தருவதாகக் கைகொடுத்துவிட்டு, வாசல் வழியாகப் போனார்.

சித்தப்பா திரும்பவேயில்லை. "அந்த ஓட்டை வழியா வர்றது இந்த வீட்டுல ஒரே ஆளு. அதுவும் ஸ்கூல் நேரத்துல."

அண்ணன் மகள் கூரையைப் பார்த்தாள்.

"கடல்லேருந்து தூக்கினது நீதான், புரிஞ்சுது. தள்ளிவிட்டது யாரு தாயி?"