நீலப் பெயின்ட் அடித்த புகையிலைக் கொட்டகை

திண்டுக்கல்லுக்குத் தெற்கே மரியசெல்விக்கு ஒரு துண்டு மானாவாரி நிலம், கொஞ்சம் வெள்ளாடு, ஒரு புகையிலைக் கொட்டகை. இலை உலர்த்திய காலமெல்லாம் போய்விட்டது. கருங்கல் தூணும் சுண்ணாம்புச் சுவரும் நாட்டு ஓடும் மட்டும் அசையாமல் நின்றன. ராத்திரியில் ஆடுகள் அதில்தான் அடையும். புருஷன் செத்தபிறகு அந்த ஆடுகளை வைத்துத்தான் மகன் ரொனால்டை ஆளாக்கினாள்.

புதுச் சாலைக்குக் கல் நட்டார்கள். சாலை நேராகக் கொட்டகை நடுவில் விழுந்தது. மரியசெல்வி வாயை மூடிக்கொண்டு போகிற பொம்பளை இல்லை. திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தாள். கடைசியில் ஒரு ஆபீசர் வழி சொன்னார். காப்பாற்ற வேண்டிய பழங்கட்டடம் என்று அதற்கான அரசாங்கக் குழு ஒத்துக்கொண்டால் சாலையைத் தள்ளிப் போடுவார்களாம். குழு வந்து பார்க்கும் தேதியையும் சொன்னார்.

ஆள் வருகிறதென்றால் வெள்ளையடிப்பது அந்த ஊர் வழக்கம். பிஷப் வந்தாலும் பெண் பார்க்க வந்தாலும் அதுதான்.

"காரை பேந்து கெடந்தா எவன்ம்மா மதிப்பான்?" என்றான் ரொனால்டு. அவளுக்கும் சரியாகவே பட்டது.

சுவரைச் சுரண்டிச் சிமெண்ட் பூசினார்கள். தூணுக்கு நீலப் பெயின்ட். நாட்டு ஓடுகளை இறக்கித் தகரம் போட்டார்கள். இறக்கிய ஓடுகளை உடைத்து வண்டிப்பாதைப் பள்ளத்தில் கொட்டினார்கள், வருகிறவர் கார் சிக்கக்கூடாதே.

பக்கத்துக் காட்டுப் பேச்சாயி எட்டிப் பார்த்தாள். "ஏத்தா, இது ஆட்டுக்கா, வரப்போற மருமகளுக்கா?"

"ரெண்டுக்குந்தான், போடி!"

குழுவின் ஆள் வந்தார். கார் அந்த ஓடுகளை நொறுக்கிக்கொண்டுதான் வந்து நின்றது.

"பழைய கொட்டகை எங்கம்மா?"

"இதான் சார். ஒங்களுக்காக எல்லாத்தையும் புதுசாக்கி வச்சிருக்கோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "புதுசை நான் எப்படிம்மா பழசுன்னு எழுதுவேன்?"

"பழைய ஓட்டையே திருப்பிப் போட்டுர்றோம் சார்."

"ஓடு எங்கே?"

ரொனால்டு பாதையைக் காட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

பழசு பழசாகவே இருந்தால்தான் பிழைக்கும் என்று அவளுக்கு எவன் சொன்னான்? அது தெரிந்தவர்கள் ஆபீசில் இருந்தார்கள். தேதியை மட்டும் சொன்னார்கள்.

சாயங்காலம் ஆடுகள் வந்தன. பெயின்ட் வாடைக்கு ஒன்றும் உள்ளே நுழையவில்லை. மூத்த ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்தாள். அது காலை ஊன்றிக்கொண்டது.

"யம்மா, வெயாழக்கெழம அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு வண்டி சொல்லிரவா?"

"வாடை போறமட்டும் பொறுடா."

"வாடை போறதுக்குள்ள ஜேசிபி வந்துரும்மா."

அவள் ஆட்டின் காதை விடவே இல்லை. அவன் வண்டி சொல்லப் போனான்.