குமிழி மேடமும் புளித்துப்போன தொட்டியும்

கல்லூரியில் அவளுக்குக் குமிழி மேடம் என்று பெயர். விடுதிச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் எரிவாயுத் தொட்டியில் எவ்வளவு மிச்சச் சோறு போட்டால் எவ்வளவு வாயு வரும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வது அவள் ஆராய்ச்சி. மூடியைத் திறக்காமலே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவாள். வீட்டில் கணவர் மனதில் இருப்பதைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழும் என்று அந்த மனிதர் பேச்சையே குறைத்துக்கொண்டிருந்தார்.

யாராவது பசியோடு இருந்தால் அவளுக்குத் தாங்காது, அவ்வளவுதான்.

திடீரென்று தொட்டி மக்கர் செய்தது. வாயு வற்றிவிட்டது, புளித்த வாடை விடுதிவரை அடித்தது. மாதக் கடைசியில் நிர்வாகக் குழு வருகிறது. அன்று இந்த வாயுவில் தேநீர் கொதிக்காவிட்டால், தொட்டியை மண் போட்டு மூடிவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டுவார்கள். அவளுடைய பல வருட உழைப்பும் அதற்குள் போய்விடும்.

கணக்கு தெளிவாகத்தான் சொன்னது. தொட்டிக்குள் இரண்டு வகைக் கிருமிகள். ஒன்று கழிவை அள்ளித் தின்று அமிலமாக்கும். மற்றது அந்த அமிலத்தை ஆற அமரத் தின்று வாயுவாக்கும். அளவுக்கு மீறிக் கொட்டினால் அமிலம் மிஞ்சி, இரண்டாவது கூட்டம் சுருண்டு படுத்துவிடும். வைத்தியம் ஒன்றே ஒன்று, பட்டினி. தலைமைச் சமையல்காரரும் சரியென்று கழிவு போடுவதை நிறுத்திவிட்டார்.

கணினித் திரையில் அவள் கணித்த அமிலக்கோடு இறங்கியது. தொட்டியிலோ அமிலம் ஏறியது. அவள் சமன்பாடுகளைப் பிரித்து மேய்ந்தாள், கணினியைத் திட்டினாள், சமையல்காரரைக்கூடச் சந்தேகப்பட்டாள். சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான்.

ஒரு மாலை சமையல்காரர் அவளைத் தொட்டியருகே கையும் களவுமாகப் பிடித்தார்.

"என்ன மேடம் இது?"

"ஒரு பிடிதாண்ணே. பாவம், வெறும் வயிறா கெடக்கு."

அவள் ஒரு பிடி என்றது ஒரு வாளி. எதிரே இருந்த உணவகத்தில் மிச்சச் சோறு கேட்டு வாங்கி, தினமும் கொட்டியிருக்கிறாள். தராசில் நிறுத்ததைத்தான் கணக்கில் சேர்ப்பாள். பாசத்தில் போட்டதையெல்லாம் யார் நிறுப்பார்கள்?

"தயவுசெஞ்சு இனிமே இந்தப் பக்கமே வராதீங்க மேடம்" என்று அவர் வாளியை வாங்கிக்கொண்டார். அவளுக்கு அழுகை வந்தது. தன்மேலேயே ஆத்திரமும் வந்தது. ஆனாலும் அதன்பின் தொட்டிப் பக்கம் போகவில்லை.

மாதக் கடைசியில் அடுப்பு நீலமாக எரிந்தது, தேநீர் பொங்கியது. குழுத் தலைவர் திரையில் கணக்குக் கோட்டையும் தொட்டியில் அளந்த கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் ஒட்டாமல் இருந்த கணக்கு பிறகு அச்சாகப் பொருந்தியது எப்படி, எதைத் திருத்தினீர்கள் என்று கேட்டார். சமையல்காரர் பாத்திரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கணக்குல ஒண்ணும் திருத்தலைங்க. என்னைத்தான் தொட்டிகிட்ட விடலை" என்றாள்.

தொட்டி பிழைத்தது. அன்றே அவள் சமன்பாட்டில் புதிதாக ஓர் எழுத்தைச் சேர்த்தாள். அது எதைக் குறிக்கிறது என்று மாணவர்கள் கேட்டார்கள்.

"என்னை" என்றாள்.