பெரியப்பாவுக்குப் பின்னால் நிற்கும் டேங்க்

இன்று பெரியப்பாவின் முதலாண்டு நினைவு நாள். போரில் டேங்க் ஓட்டியவர். எதிரிகளிடம் சிக்கி, கைதியாக இருந்து, உயிரோடு திரும்பியவர்.

பேகம்பூர்க் கடையொன்றில் அடித்த அஞ்சலி ஃபிளெக்ஸைத் தெருமுனையில் கட்டினோம். அவர் படத்துக்குப் பின்னால், கடைக்காரர் இணையத்தில் பிடித்த ஒரு டேங்க்.

பெரியப்பாவோடு கைதியாக இருந்தவர் நத்தத்திலிருந்து வந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"ஏப்பா, இது அவிங்க டேங்க்குல்ல? இதுதானப்பா எங்களைச் சுத்தி வளைச்சுச்சு."

பெரியம்மா பதறிவிட்டார். "கழட்டுங்கப்பா! அந்த மனுசன் ஒருவாட்டி மாட்டுனது பத்தாதா?"

ஃபிளெக்ஸின் அடியில் கைகூப்பி அச்சாகியிருக்கும் உறவினர்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. சித்தப்பா சொன்னார்: "டேங்க்கை யாரு மதினி பாக்குறா? எங்க முகமெல்லாம் அம்புட்டு அழகா விழுந்திருக்கு."

பெரியப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அன்று இரண்டு அரசாங்கங்கள் பேசி அவரை விடுவித்தன. சொந்தக்காரர்களிடம் பேச யாரை அனுப்பலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.