கட்டிய சாக்கு

கூடத்து டைல்ஸ் தரையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு டைகர் வரும் சத்தம் கேட்கிறது. பதினான்கு வயது. முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கினால்தான் ஒன்றுக்குப் போகும்.

இதே சத்தத்தை அரிமளத்தில் எங்கள் பழைய வீட்டின் சிமெண்ட் தரையில், ஒன்பது வயதில் கேட்டேன். எங்கள் நாய் கருப்பிக்குப் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. போன இடமெல்லாம் மூத்திர ஈரம். ஒருநாள் அப்பா உரச்சாக்கை உதறினார்.

"நா கூப்புட்டா வராது. நீ கூப்புடு. மீமிசல் கடக்கரையில விட்டா மீனத் தின்னுட்டுப் பொழச்சுக்கும்."

கூப்பிட்டேன். தரையைத் தேய்த்துக்கொண்டே வந்து, என் கையை நக்கியது. அப்படியே சாக்குக்குள் தள்ளினார். திரும்பிவர வழி தெரியக்கூடாது என்று நாயைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுவது எங்கள் ஊர் வழக்கம். நடக்கவே முடியாத நாய்க்கும் அப்பா சாக்கின் வாயை இறுக்கிக் கட்டி, மீமிசலுக்குத் திரும்பும் மீன் வேனில் ஏற்றினார். அது பிழைத்திருக்கும் என்று நம்புவது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

"ஒரு கொரல் குடுத்தா அதுவே வந்துரும்ல. ஏங்க எந்திரிக்கிறீங்க?" என்கிறாள் மனைவி.

எந்த நாயையும் நான் ஏன் கூப்பிடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. துண்டை எடுத்துக்கொண்டு டைகரிடம் போகிறேன்.